வெல்ஷ் மொழியில் பள்ளி ஒலிபரப்பு: மொழிபெயர்ப்பு ஏன் போதாது

கேட்கப்பட்ட கேள்வி இது: வேல்ஸில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், அப்படியிருக்க, பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வெல்ஷ் மொழியில் தனியாக வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தயாரிப்பதால் உண்மையில் என்ன பயன்? நல்ல ஆங்கிலப் பாட நிகழ்ச்சிகளை எடுத்துக் குரல் மாற்றி ஒலிபரப்பினால் போதாதா?

போதாது என்பதே என் பதில். பல ஆண்டுகளாக வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் வசிக்கிறேன். பள்ளிகளுக்கான கற்றல் வளங்களைத் தயாரிப்பவர்களோடு பணியாற்றியிருக்கிறேன். என் மகள் வெல்ஷ் வழிப் பள்ளியில் படிக்கிறாள். எங்கள் வீட்டு மொழி தமிழ், தெரு மொழி ஆங்கிலம், அவளுடைய வகுப்பு மொழி வெல்ஷ். கார்டிஃபின் வெல்ஷ் வழிப் பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகளின் வீடுகளில் வெல்ஷ் பேசுவோர் இல்லை. அத்தகைய பிள்ளைக்கு மாலை மூன்றரை மணிக்குப் பள்ளி வாசலைத் தாண்டியதும் அந்த மொழி காதில் விழுவது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வீட்டில் கேட்கும் ஒரே வெல்ஷ் குரல் ஒலிபரப்பின் குரலாகத்தான் இருக்கும். அந்தக் குரல் என்ன பேசுகிறது, எப்படிப் பேசுகிறது என்பது மொழிபெயர்ப்பால் தீரும் சிக்கல் அன்று.

முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த ஏற்பாடு யாரும் மனமுவந்து கொடுத்ததன்று. கார்டிஃப் வானொலி நிலையம் 1923 பிப்ரவரி 13 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. முதல் இரவிலேயே ஒரு வெல்ஷ் பாடல் ஒலித்தது என்றாலும், தொடர்ந்து வந்த ஆண்டுகளில் அந்த மொழிக்குக் கிடைத்த நேரம் மிகச் சொற்பம். 1927இல் கல்வி வாரியம் அமைத்த ஒரு குழு, கல்வியிலும் வாழ்விலும் வெல்ஷ் மொழியின் நிலையை ஆராய்ந்து தந்த அறிக்கையில், பிபிசியின் அன்றைய போக்கு அம்மொழியின் உயிருக்கே பேரச்சுறுத்தல் என்று வெளிப்படையாகவே எழுதியது. பள்ளியில் ஆசிரியர் ஒரு மணி நேரம் கட்டுவதை வீட்டில் வானொலி ஒரு மாலையில் கரைத்துவிடும் என்ற கவலை அன்றைக்கே அவர்களுக்கு இருந்தது. ஆனால் வேல்ஸும் மேற்கு இங்கிலாந்தும் ஒரே ஒலிபரப்புப் பகுதியாகக் கட்டப்பட்டிருந்தன. அலைவரிசை போதவில்லை, மலைகள் மறைக்கின்றன என்று காரணங்கள் சொல்லப்பட்டன. பல்கலைக்கழகத்தாரும் உள்ளாட்சி அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் வாதாடிய பின், 1937 ஜூலையில்தான் வேல்ஸ் தனிப்பகுதி ஆனது.

போருக்குப் பிறகு, 1947இல், பள்ளி ஒலிபரப்பை மேற்பார்வையிட பிரித்தானிய அளவில் ஒரு மன்றம் சீரமைக்கப்பட்டபோது வேல்ஸுக்கென்று தனி மன்றம் கிடைத்தது. எனக்கு இது முக்கியமான திருப்பமாகப் படுகிறது. எந்த வயதினருக்கு எந்தப் பாடம், எந்த மொழியில் என்பதை லண்டனில் இருப்பவர்கள் மட்டும் தீர்மானிக்காமல், உள்ளூர் ஆசிரியர்களும் கல்வி அலுவலர்களும் உட்கார்ந்து பேச ஓர் இடம் உண்டாயிற்று.

வானொலிப் பாடம் எப்படி நடந்தது என்பதை இன்றைய தலைமுறைக்கு விளக்கியாக வேண்டும். பருவம் தொடங்கும் முன்பே ஆசிரியருக்குக் குறிப்பேடும் பிள்ளைகளுக்குப் படங்கள் அடங்கிய சிறு நூலும் அஞ்சலில் வந்துவிடும். குறித்த நாளில், குறித்த மணியில் வகுப்பு வானொலிப் பெட்டியைச் சுற்றி அமரும். நிகழ்ச்சி இருபது நிமிடம் அளவில் ஓடும். அதற்கு முன் பத்து நிமிடம் ஆசிரியர் பிள்ளைகளைத் தயார் செய்வார். முடிந்தபின் பேச வைப்பார், பாட வைப்பார், வரைய வைப்பார். தவறவிட்டால் தவறவிட்டதுதான். நாட்டுப்புற வேல்ஸில் ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகள் நிறைய இருந்தன. ஐந்து வயதுப் பிள்ளையும் பதினொரு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் அத்தகைய பள்ளியில், வெளியிலிருந்து வரும் ஒரு தேர்ந்த குரல் எத்தனை பெரிய துணை என்பதை அங்கே பணியாற்றிய ஒரு முதிய ஆசிரியை என்னிடம் ஒருமுறை விவரித்திருக்கிறார். இசை வகுப்பு நடத்தத் தெரியாத தமக்கு அந்த ஆண்டுகளில் வானொலிதான் பாட்டு ஆசிரியர் என்றார்.

இனிக் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஆங்கில நிகழ்ச்சிக்குக் குரல் மாற்றினால் ஏன் போதாது என்பதற்கு முதற்காரணம் மொழியின் இயல்பிலேயே இருக்கிறது. தமிழில் மரமும் கிளையும் சேர்ந்தால் மரக்கிளை ஆகிறது. சொற்கள் கூடும் மூட்டில் மாற்றம் நிகழ்கிறது. வெல்ஷிலோ சொல்லின் முதலெழுத்தே மாறும். தலைக்குப் ‘பென்’ என்று பெயர். என் தலை என்றால் ‘வ ம்ஹென்’. அவன் தலை என்றால், பெங்களூரு என்பதில் நாம் ஒலிக்கும் பகரத்தோடு, ‘ஐ பென்’. அவள் தலை என்றால் ‘ஐ ஃபென்’. அதாவது அவன், அவள் என்ற வேறுபாடே அந்த முதல் ஒலியில்தான் வெளிப்படுகிறது. இந்த விதிகளை இலக்கணப் பட்டியலாகக் கற்றவர் பேச வாயெடுக்கும்போது தயங்குவார். ஆயிரம் முறை கேட்டு வளர்ந்த பிள்ளை யோசிக்காமல் சொல்லும். வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் பேசும் பேச்சு மட்டும் அந்த ஆயிரம் முறையைத் தந்துவிடாது. கதையும் பாட்டும் உரையாடலும் வெவ்வேறு வாய்களிலிருந்து வரவேண்டும். ஆங்கில வாயசைவுக்குப் பொருந்தும்படி சுருக்கியும் நீட்டியும் எழுதப்படும் குரல்மாற்று வசனத்தில் இந்த மாற்றங்கள் இலக்கணப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் பேச்சின் ஓட்டம் ஆங்கிலத்தின் அளவுக்குள் அடைபட்டுவிடும்.

இரண்டாவது, வட்டார வழக்கு. சிறிய மொழிக்கு வட்டார வேறுபாடு இராது என்று வெளியிலிருப்போர் நினைப்பது வழக்கம். மூன்று மில்லியனுக்குச் சற்றே மேற்பட்ட மக்கள் வாழும் வேல்ஸில், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 5,38,000 பேர், அதாவது 17.8 விழுக்காடு. அவர்களுக்குள்ளேயே வடக்குக்கும் தெற்குக்கும் அன்றாடச் சொற்கள் வேறு. பாட்டியை வடக்கே ‘நைன்’ என்பார்கள், தெற்கே ‘மம்கீ’ என்பார்கள். ‘இப்போது’ என்பதற்கு வடக்கே ஒரு சொல், தெற்கே ஒரு சொல். அவர்கள் எழுத்தில் ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது வந்துவிடும் என்பது அங்கே எல்லோரும் ரசித்துச் சொல்லும் செய்தி. பாலுக்குத் தெற்கே ‘லாய்த்’, வடக்கே ‘லெவ்ரித்’. (இந்த லகரம் நம் லகரம் அன்று. நாக்கை அதே இடத்தில் வைத்துக்கொண்டு பக்கங்களில் காற்றை ஊதவேண்டும். எழுத்தில் காட்டி யாரையும் இதைச் சொல்ல வைக்க முடியாது, கேட்டுத்தான் வரவேண்டும்.)

என் மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு காலை, வெல்ஷ் மொழித் தொலைக்காட்சியான எஸ்4சியின் சிறுவர் பகுதியான ‘கியூ’ ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்த வடக்கத்திப் பெண் ஒரு குவளையைக் காட்டி ‘லெவ்ரித்’ என்றாள். மகள் கரண்டியை வைத்துவிட்டு, “அப்பா, அந்த அக்கா தப்பா சொல்றாங்க, எங்க மிஸ் லாய்த்னுதான் சொல்வாங்க” என்றாள். திருநெல்வேலியில் ஆச்சி, கோயம்புத்தூரில் அப்பத்தா, இரண்டு பேரும் அப்பாவைப் பெற்றவர்கள்தானே என்று சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்போ எனக்கு ரெண்டு பாலும் தெரியும்” என்றாள். வகுப்பில் ஒரே ஆசிரியையின் தெற்கத்திப் பேச்சை மட்டும் கேட்டிருந்தால், அந்த மொழி தன் பள்ளிக்கு அப்பாலும் வாழ்கிறது, வேறு மனிதர்கள் வேறு விதமாக அதைப் பேசுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது.

பள்ளி ஒலிபரப்பாளர்களுக்கு இது நெடுங்காலத் தலைவலி. ஒரே வழக்கில் பேசினால் பாதி நாடு அந்நியமாக உணரும். இரண்டையும் கலந்தால் யாரும் பேசாத மொழி உருவாகும். 1960களில், மொழியைப் புதிதாகக் கற்போருக்காக, எழுத்து மொழிக்கும் வட்டாரப் பேச்சுக்கும் இடைப்பட்ட ஒரு பொதுப் பேச்சு வடிவத்தை ‘வாழும் வெல்ஷ்’ என்ற பெயரில் ஸ்வான்சி பல்கலைக்கழகக் கல்லூரிக் கல்வியாளர்கள் வகுத்தார்கள். பாடநூல்களில் அது பரவியது. ஆனால் யாருடைய தாய்மொழியாகவும் இல்லாத வடிவம் என்ற குறையும் அதன்மேல் விழுந்தது. பொது வடிவம் ஒன்றைப் புனைவதைவிட, வடக்கத்தியரையும் தெற்கத்தியரையும் ஒரே நிகழ்ச்சியில் அவரவர் பேச்சிலேயே பேசவிடுவதுதான் நல்ல வழி என்று நான் நினைக்கிறேன். இன்றைய சிறுவர் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இதைத்தான் செய்கின்றன.

மூன்றாவது, பாடச் சொற்கள். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுகிறேன். பண்ணையிலும் தேவாலயத்திலும் அடுக்களையிலும் செழித்திருந்த ஒரு மொழி, இயற்பியலையும் புவியியலையும் நடத்த வேண்டிய நிலைக்கு வந்தபோது, சொல் இருந்தால் மட்டும் போதவில்லை. அந்தச் சொல்லை யாரோ ஒருவர் இயல்பாகச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. மின்சாரத்துக்கு அவர்கள் சொல் ‘த்ரதன்’. ‘ஊடுருவும் நெருப்பு’ என்ற பொருளில் அமைந்தது. கணினிக்கு ‘கவ்ரிவ்யாதிர்’, கணக்கிடுதல் என்ற வேரிலிருந்து வந்தது, நம் கணினியைப் போலவே. ஒலிபரப்புக்கு அவர்கள் வைத்த பெயரும் பரப்புதல் என்ற வினையைக் கொண்டே அமைந்தது. அகராதியில் கிடக்கும் வரை இவை காகிதச் சொற்கள்தான். வானொலியில் ஒரு குரல் அதே சொற்களை வைத்துக் கதை சொல்வதைப்போல ஓர் அணைக்கட்டை விவரித்தபோது அவை பிள்ளைகளின் வாய்க்கு வந்தன. ஆசிரியர்களுக்கும் அது பாடமாயிற்று. அவர்களில் பலர் ஆங்கிலத்தில் அறிவியல் படித்துவிட்டு வெல்ஷில் நடத்த வந்தவர்கள்; நிகழ்ச்சியோடு வந்த குறிப்பேட்டில் இருந்த சொற்பட்டியல்தான் பலருக்குக் கைவிளக்கு. பள்ளிப் பாடங்களுக்கென விரிவான கலைச்சொல் அகராதி ஒன்று பாங்கர் பல்கலைக்கழகத்தில் தொகுக்கப்பட்டு வெளிவந்தது 1998இல்தான். அதற்கு முந்திய பத்தாண்டுகளில் வெவ்வேறு பள்ளிகள் ஒரே பொருளுக்கு வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்துவது பெருங்குழப்பமாகிவிடாமல் தடுத்ததில் ஒலிபரப்புக்குப் பங்குண்டு என்பது என் துணிபு.

எண்களைப் பாருங்கள். வெல்ஷின் மரபான எண்ணு முறை இருபதை அடியாகக் கொண்டது. பதினாறு என்பதைப் ‘பதினைந்தின்மேல் ஒன்று’ என்பார்கள். பதினெட்டு என்பது ‘இரு ஒன்பது’. தொண்ணூற்றொன்பது என்றால் ‘பதினைந்தின்மேல் நான்கும் நான்கு இருபதும்’. இதைக் கொண்டு ஒரு குழந்தை கூட்டல் கணக்குப் போடுவதை நினைத்துப் பாருங்கள். அதனால் பள்ளிகள் பத்தை அடியாகக் கொண்ட முறைக்கு மாறின: பதினாறு ‘ஒரு பத்து ஆறு’, தொண்ணூற்றொன்பது ‘ஒன்பது பத்து ஒன்பது’. ஆனால் மணி பார்க்கவும் வயது சொல்லவும் மூத்தோர் இன்றும் பழைய முறையைக் கையாள்கிறார்கள். கணக்கு நிகழ்ச்சியில் ஒரு முறையும், தாத்தா வரும் நாடகத்தில் மற்றொரு முறையும் வந்தால்தான் பிள்ளை இரண்டையும் அறியும். ஆங்கிலத்திலிருந்து குரல் மாற்றிய நிகழ்ச்சியில் இந்தத் தேவை எழவே எழாது. எழாத தேவையை யாரும் நிறைவேற்றவும் மாட்டார்கள்.

தொலைக்காட்சி வந்தபோது சிக்கல் பணமாகவும் நேரமாகவும் மாறியது. பிரித்தானியாவில் பள்ளித் தொலைக்காட்சி 1957இல் தொடங்கியது. வேல்ஸில் வெல்ஷ் நிகழ்ச்சிக்குத் தனி அலைவரிசை இல்லாததால், ஆங்கில நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுத்தான் அதை ஒளிபரப்ப வேண்டியிருந்தது. வெல்ஷ் தெரியாதவர்கள் எரிச்சலடைந்தார்கள். தென்கிழக்கில் பலர் ஆன்டெனாவை இங்கிலாந்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஒரு மொழியின் நிகழ்ச்சி மற்றொரு மொழியினருக்கு இடையூறாகத் தோன்றும்படி அமைந்த ஏற்பாடு எவருக்கும் நன்மை செய்யவில்லை. தனி அலைவரிசை தருவதாக வாக்களித்த அரசு 1979இல் பின்வாங்கியது. வேல்ஸின் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் தலைவர் குவின்வோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாநோன்பு இருப்பதாக 1980இல் அறிவித்தார்; நோன்பு தொடங்கும் முன்பே, அந்த ஆண்டு செப்டம்பரில், அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1 அன்று எஸ்4சி பிறந்தது. பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் பகல் நேரத்தில் அங்கே இடம் கிடைத்தது. வாரத்துக்குப் பத்து மணி நேர வெல்ஷ் நிகழ்ச்சிகளை பிபிசி அந்த அலைவரிசைக்குத் தயாரித்துத் தரவேண்டும் என்பதும் சட்டமாயிற்று.

பணம் பற்றி ஒரு சொல். ஓர் அறிவியல் நிகழ்ச்சியை எடுக்க ஆகும் செலவு, பார்ப்பவர் ஐம்பது இலட்சமா ஐயாயிரமா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. வேல்ஸில் ஒவ்வொரு வயதிலும் உள்ள பிள்ளைகள் ஏறத்தாழ 35,000 பேர்தான். அவர்களில் வெல்ஷ் வழியில் தேர்வெழுதுவோர் சில ஆயிரம். சந்தைக் கணக்குப்படி பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வெல்ஷில் வேதியியல் நிகழ்ச்சி எடுக்க எந்த நிறுவனமும் முன்வராது. ஆகவே பொதுப்பணம்தான் ஒரே வழி. எஸ்4சியின் பொதுநிதி 2022 முதல் முழுவதும் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்திலிருந்தே வருகிறது. இந்தச் செலவைத் தலைக்கு இத்தனை பவுண்டு என்று வகுத்துக் காட்டிக் குறை சொல்வோர் உண்டு. மலையூருக்குச் சாலை போடும்போதும் அதே கணக்கைப் போட்டால் சாலையே இராது என்பதுதான் அவர்களுக்கு நான் சொல்லும் பதில்.

ஒலிபரப்பு தனியாக மொழியைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2011இல் ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ளோரில் வெல்ஷ் தெரிந்தவர்கள் 40.3 விழுக்காடு என்று பதிவானது. 2021இல் அது 34.3ஆகக் குறைந்தது. அந்தப் பத்தாண்டுகளில் சிறுவர் நிகழ்ச்சிகள் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தன. நிகழ்ச்சி நல்லதாக இருந்தும் வகுப்பில் அதைக் கையிலெடுக்க ஆசிரியர் இல்லையென்றால் அது வெறும் பொழுதுபோக்காகிவிடுகிறது. வானொலிக் காலத்தில் முன்னே பத்து நிமிடமும் பின்னே பேச்சும் இருந்ததை மேலே குறிப்பிட்டேன். பயனில் பாதி அங்கேதான் விளைந்தது. ஆங்கில வழிப் பள்ளிகளிலும் 1999 முதல் பதினாறு வயது வரை எல்லோரும் வெல்ஷ் படிக்கிறார்கள். அவர்களுக்கான நிகழ்ச்சி நிதானமாகவும் குறைந்த சொற்களோடும் இருக்கவேண்டும். வெல்ஷ் வழிப் பிள்ளைக்கு அதே நிகழ்ச்சி சலிப்பூட்டும். இருவருக்கும் ஒன்றே போதும் என்று சிக்கனம் பார்த்த இடங்களில் இருவருமே இழந்தார்கள்.

இப்போது பள்ளிகளுக்கென்று மணி குறித்து ஒளிபரப்பும் வழக்கம் மறைந்துவிட்டது. ஒளிப்பதிவுக் கருவிகள் வந்ததும், 1988ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் பள்ளிகள் நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்துக்கொள்ள வழி செய்ததும் அந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தன, இணையம் முடித்துவைத்தது. பிபிசியின் கற்றல் தளமான ‘பைட்சைஸ்’ வெல்ஷிலும் இருக்கிறது. வேல்ஸ் அரசின் ‘ஹூப்’ தளத்தில் ஆசிரியர்களுக்கான வளங்கள் குவிந்து கிடக்கின்றன. தேடிச் செல்பவருக்குக் கிடைக்கும். ஆனால் பிள்ளைகள் அங்கே தேடிச் செல்வதில்லை, யூடியூபில் தேடுகிறார்கள். அங்கே ஒரு வெல்ஷ் காணொளி முடிந்ததும் அடுத்து வந்து நிற்பது பெரும்பாலும் ஆங்கிலக் காணொளி. முன்பு ஆன்டெனாவைத் திருப்ப ஒருவர் கூரை ஏற வேண்டியிருந்தது. இப்போது யாரும் கை வைக்காமலே அது திரும்பிவிடுகிறது.

ஆகவே இன்றைக்குப் பணம் எங்கே போகவேண்டும் என்று கேட்டால், மழலையருக்கு ஓரளவு நிறைவாக இருக்கிறது, பதின்வயதினருக்குத்தான் வெறுமையாக இருக்கிறது என்பேன். என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. சென்ற வாரம் வேதியியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மடிக்கணினியில் அமெரிக்க ஆசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் அயனிப் பிணைப்பை விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைப்பேசியில் கலைச்சொல் அகராதி திறந்திருந்தது. காணொளியை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி, குறிப்பேட்டில் வெல்ஷில் எழுதிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நிமிடக் காணொளியை எழுதி முடிக்க அவளுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று.